‘அதான் நடக்குறியே, இன்னும் என்ன?’

கேள்வி:

எனக்கு வயது 34. பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். ஒன்றரை ஏக்கரில் தக்காளி போடுகிறோம். சென்ற ஐப்பசியில் நாலு நாள் காய்ச்சல் வந்து விட்டது. பத்து நாள் கழித்து ஒருநாள் விடிகாலை நடுமுதுகில் வலி. மத்தியானம் இரண்டு காலும் மதமதவென்று ஆகித் தொப்புளுக்குக் கீழே மரத்துப்போனது. பொழுது சாய்வதற்குள் எழுந்து நிற்க முடியவில்லை, சிறுநீரும் அடைத்துக்கொண்டது. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, தண்டுவடத்தில் அழற்சி, ‘டிரான்ஸ்வர்ஸ் மைலைட்டிஸ்’ என்றார்கள். ஐந்து நாள் ஸ்டீராய்டு மருந்து ஏற்றினார்கள். இரண்டாம் மாதம் வாக்கர் பிடித்து நின்றேன். ஒன்பது மாதம் ஆன இப்போது குச்சி இல்லாமல் நடக்கிறேன்.

ஆனால் இடுப்பைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கின மாதிரியே இருக்கிறது. ராத்திரியில் கால் எரிகிறது, போர்வை பட்டால்கூடத் தாங்கவில்லை. சிறுநீர் வந்தால் அடக்க முடியவில்லை, போய் உட்கார்ந்தால் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. அதற்குப் பயந்து காட்டுக்குப் போகும் நாளில் தண்ணீரே குடிப்பதில்லை. வெயிலில் அரை மணி நேரம் நின்றால் கால் துவண்டுவிடுகிறது. இருட்டில் நடந்தால் தடுமாறுகிறது. மாமியார், ‘அதான் நடக்குறியே, இன்னும் என்ன?’ என்கிறார். கணவர் ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் ஒதுங்கியே இருக்கிறார். இது முழுசாகச் சரியாகுமா? திரும்ப வருமா? இல்லை, எல்லாமே என் மனசுதானா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இது மனசு இல்லை. நீங்கள் நடிக்கவில்லை, வேலைக்குச் சோம்பல்படவும் இல்லை. எழுதியிருக்கும் ஒவ்வொரு தொந்தரவுக்கும் உங்கள் முதுகுத்தண்டுக்குள் காரணம் இருக்கிறது. கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது அந்தப் புண் எந்த இடத்தில் இருக்கும் என்றுகூட என்னால் குறிக்க முடிந்தது. தொப்புள் மட்டத்துத் தோலின் உணர்ச்சியை எடுத்துச் செல்வது மார்புப் பகுதித் தண்டுவடத்தின் 10-வது கணு. மரத்துப்போனது தொப்புளுக்குக் கீழே என்றால் அடிபட்ட இடம் அங்கே, அல்லது அதற்குச் சற்று மேலே. இடுப்பைச் சுற்றிக் கயிறு போட்ட மாதிரி இறுக்குகிறது என்கிறீர்களே, அது நல்ல பகுதியும் அடிபட்ட பகுதியும் சந்திக்கிற எல்லை. உங்களைப் போன்றவர்கள் பாவாடை நாடாவை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டு, ‘இன்னும் இறுக்குது டாக்டர்’ என்று சொல்வதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

தண்டுவடம் நம் சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும், நீளம் ஒன்றரை அடிக்குள். மூளையிலிருந்து காலுக்குப் போகும் கட்டளை, காலிலிருந்து மேலே வரும் சூடு, குளிர், வலி, முழங்கால் மடங்கியிருக்கிறதா நீட்டியிருக்கிறதா என்ற தகவல், மூத்திரப்பை நிறைந்துவிட்டது என்ற தகவல், எல்லாம் அந்தச் சுண்டுவிரல் பருமனுக்குள்தான் தனித்தனி இழைகளாகப் போய் வருகின்றன. காய்ச்சல் கிருமியை விரட்டக் கிளம்பிய உங்கள் உடம்பின் எதிர்ப்புச் சக்தி, காய்ச்சல் விட்ட பிறகு ஆள் தெரியாமல் இந்த இழைகளின் மேலுறையை அடித்துவிட்டது. காய்ச்சலுக்கும் கால் போனதற்கும் நடுவே பத்து நாள் இடைவெளி இருந்தது அதனால்தான்.

போர்வெல் மோட்டாருக்குப் போகும் கேபிளை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே செம்புக்கம்பி பெரும்பாலும் அறுபடவில்லை, மேலே இருக்கும் உறைதான் பல இடத்தில் உரிந்துவிட்டது. மோட்டார் ஓடும், ஆனால் கரண்ட் கசியும், பக்கத்துக் கம்பியோடு உரசும், வெயில் ஏற ஏற டிரிப் ஆகும். சில இடத்தில் கம்பியே அறுந்தும் இருக்கலாம். உங்கள் தண்டுவடத்தில் நடைக்கான இழைகள் ஓரளவு தேறிவிட்டன. சிறுநீருக்கும் உணர்ச்சிக்குமான இழைகள் அந்த அளவுக்குத் தேறவில்லை. வீட்டில் இருப்பவர்கள் கண்ணுக்குத் தெரிவது நடை ஒன்றுதான். அதனால் அவர்கள் கணக்கில் வியாதி முடிந்துவிட்டது.

அந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன், அதனால் உங்கள் மாமியாரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுவாழ்வு மருத்துவத்துக்கு வந்த ஆரம்பக் காலம். உங்களுக்கு வந்த அதே வியாதியோடு படுத்த படுக்கையாக இருந்த ஒரு பெண், நாலு மாதம் கழித்து ஒரு குச்சியை ஊன்றிக்கொண்டு என் அறைக்குள் நடந்து வந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து நின்று கைதட்டினேன். நடையைப் பார்த்தேன், காலின் பலத்தைப் பார்த்தேன், பயிற்சி எழுதிக் கொடுத்து அனுப்பினேன். சிறுநீர் எப்படிப் போகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் கூச்சத்தில் சொல்லவில்லை. அடுத்த முறை வந்தபோது குளிர்காய்ச்சல். ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் வீங்கியிருந்தன. சிறுநீர் கழித்துவிட்டு வந்து படுத்த பிறகும் மூத்திரப்பையில் 600 மில்லி மீதி இருந்தது. நல்லவேளை, சிறுநீரகத்தைக் காப்பாற்ற முடிந்தது. அன்றிலிருந்து என் அறைக்கு யார் நடந்து வந்தாலும், உருண்டு வந்தாலும், முதல் கேள்வி சிறுநீரைப் பற்றித்தான்.

ஆகவே உங்களிடமும் அதைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

அவசரம் தாங்கவில்லை, போய் உட்கார்ந்தால் சொட்டுச் சொட்டாக வருகிறது என்று இரண்டையும் ஒன்றாக எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சேர்க்கை முக்கியம். சாதாரணமாக மூத்திரப்பை சுருங்கும்போது அதன் வாய் தானாகத் திறக்க வேண்டும். இரண்டுக்கும் ஒத்திசைவு கொடுப்பது மூளை. நடுவழியில் தண்டுவடம் அடிபட்டால் அந்த ஒத்திசைவு போய்விடும். பை கொஞ்சம் நிறைந்ததும் தன்னிஷ்டத்துக்குச் சுருங்குகிறது, அதுதான் அவசரம். அதே நேரத்தில் வாயும் இறுக மூடிக்கொள்கிறது, அதுதான் சொட்டு. மூடின கதவை உள்ளிருந்து முட்டுகிற மாதிரி. போக இடமில்லாத அழுத்தம் மேலே சிறுநீரகத்துக்கு ஏறும். தேங்கிய நீரில் கிருமி வளரும்.

தண்ணீர் குடிக்காமல் இருப்பதை இன்றோடு நிறுத்துங்கள், அம்மா. காட்டில் மறைவிடம் இல்லாமல், நினைத்தபோது ஒதுங்க முடியாமல் பெண்கள் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகும், கிருமி தங்கும், மலமும் இறுகும். இறுகிய மலம் மூத்திரப்பையை இன்னும் நெருக்கும். ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், காலையிலிருந்து பொழுது சாய்வதற்குள் பிரித்துப் பிரித்துக் குடியுங்கள். தூங்கப் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே நிறுத்திவிடலாம். காபி, டீயை ஒரு வேளைக்குக் குறைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் அவசரத்தைக் கூட்டும். வந்த பிறகு ஓடாமல், இரண்டரை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துப் போய் உட்காருங்கள். அடிவயிற்றைக் கையால் அமுக்கி வெளியேற்றுவதை மட்டும் செய்யாதீர்கள். யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் மறந்துவிடுங்கள். மூடின கதவின் மேல் அமுக்கினால் அழுத்தம் மேலேதான் போகும்.

அடுத்து ஒரு பரிசோதனை. சிறுநீர் கழித்தவுடனே வயிற்று ஸ்கேன் எடுத்து, பையில் எவ்வளவு மீதி இருக்கிறது, சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாதாரண அல்ட்ராசவுண்டு போதும், செலவு பெரிதில்லை. கூடவே ஒரு சிறுநீர்ப் பரிசோதனை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை. இந்த அளவு தெரியாமல், ‘அடிக்கடி போகுது’ என்று மட்டும் சொல்லிக் கடையில் மாத்திரை வாங்கிவிடாதீர்கள். அவசரத்தைக் குறைக்கும் மாத்திரைகளில் பல, பையின் சுருக்கத்தைத் தளர்த்துபவை. ஏற்கெனவே மீதி தேங்கும் பையில் அவை தேக்கத்தை இன்னும் கூட்டிவிடும்.

மீதி அதிகம் என்று தெரிந்தால், மருத்துவர் உங்களுக்கு மெல்லிய ரப்பர்க் குழாயை நீங்களே வைத்து நீரை எடுத்துவிட்டு உடனே உருவிவிடும் முறையைச் சொல்லுவார். கேட்டவுடன் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். ‘மறுபடியும் டியூபா?’ என்று அழுதவர்கள் உண்டு. ஆஸ்பத்திரியில் நாள் கணக்கில் தொங்கவிட்ட பை இல்லை இது. 1972-ல் அமெரிக்காவில் ஜாக் லாபிடிஸ் என்ற சிறுநீரியல் மருத்துவர், இதற்கு அறுவை அரங்கின் சுத்தம் தேவையில்லை, சோப்புப் போட்டுக் கழுவிய கை போதும் என்று காட்டினார். அதன் பிறகு தண்டுவடம் பாதித்தவர்கள் சிறுநீரகம் கெட்டு இறப்பது குறைந்தது. பெண்கள் முதலில் ஒரு சிறு கண்ணாடியை வைத்துப் பார்த்துப் பழகுவார்கள், பிறகு விரலாலேயே இடம் தெரிந்துகொள்வார்கள். நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஐந்து நிமிட வேலை. என்னிடம் கற்றுக்கொண்ட ஒருவர் பூ மார்க்கெட்டில் கட்டு வியாபாரம் செய்கிறார். கைப்பையில் குழாயும் சோப்பும் வைத்திருக்கிறார், பக்கத்துக் கடைக்காரருக்குக்கூட இதுவரை தெரியாது. உங்களுக்கு இது தேவைப்படாமலும் போகலாம். தேவைப்பட்டால் பயப்பட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி எரிச்சல். காலில் புண் இல்லை, வீக்கம் இல்லை, பின் ஏன் எரிகிறது? கேபிள் கசிகிறது என்றேனே, அந்தக் கசிவைத்தான் மூளை ‘நெருப்பு’ என்று படிக்கிறது. போர்வை உரசுவதுகூட வலியாகத் தெரிவது இந்த நரம்பு வலியின் தனிக் குணம். சாதாரண வலி மாத்திரையும் ஊசியும் இதற்குக் கேட்காது. டைக்ளோஃபினாக் போன்றவற்றைத் தினமும் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும், எரிச்சல் அப்படியே இருக்கும். இதற்கென்றே பிரீகாபலின், காபாபென்டின், டுலாக்ஸிட்டின், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. குறைந்த அளவில் இரவில் ஆரம்பித்து மெதுவாகக் கூட்டுவோம். முதல் வாரம் தூக்கமும் தலைக்கிறக்கமும் இருக்கும், பலன் தெரியச் சில வாரம் பிடிக்கும். இரண்டு நாள் போட்டுவிட்டு ‘கேட்கலை’ என்று தூக்கிப் போடுபவர்கள்தான் அதிகம். ஒரு எச்சரிக்கை: அமிட்ரிப்டிலின் சிலருக்குச் சிறுநீர்த் தேக்கத்தைக் கூட்டும். எனவே எரிச்சலுக்கு மருந்து கேட்கும்போது சிறுநீர் சொட்டுவதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மருந்து வேலை செய்யும் வரைக்கும் ஒரு கைவைத்தியம்: லேசான உரசல்தான் எரியவைக்கும், சீரான அழுத்தம் அமைதிப்படுத்தும். முழங்கால் வரை பிடிப்பான பருத்திச் சாக்ஸ் போட்டுக்கொண்டு படுத்துப் பாருங்கள். பலருக்குப் பாதி ராத்திரியாவது தூக்கம் வருகிறது.

எரிகிறதே என்று குளிர்ந்த தண்ணீரில் காலை வைப்பதும், மரத்திருக்கிறதே என்று சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுப்பதும் ஊர் வழக்கம். குளிர்ந்த நீர் கொஞ்ச நேரம் பரவாயில்லை. சூடு கூடவே கூடாது. உங்கள் கால் எரிச்சலைச் சொல்கிறது, ஆனால் உண்மையான சூட்டைச் சரியாகச் சொல்வதில்லை. பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, வாசலில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் விறகடுப்பு. குதிகால் அடுப்புக்கல்லை ஒட்டியிருந்தது அவருக்குத் தெரியவில்லை. தோல் கருகும் வாசனை வந்து பேத்திதான் கத்தியிருக்கிறாள். அந்தப் புண் ஆற மூன்று மாதம் ஆனது. தினமும் படுக்கப் போகும் முன் இரண்டு உள்ளங்காலையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். வரப்பில் வெறுங்காலோடு இறங்காதீர்கள். செருப்புக்குப் பின்பட்டை இருக்கட்டும். பட்டையில்லாத செருப்பு வழியில் கழன்று விழுந்தாலும் உங்களுக்குத் தெரியாது. யாராவது சூடு வைத்தால் மரப்பு போகும் என்றால், அவர்கள் எவ்வளவு வேண்டியவர்களாக இருந்தாலும், வாசலோடு அனுப்பிவிடுங்கள். எண்ணெய் தடவி மெதுவாக நீவிவிடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அது தண்டுவடத்தைக் குணப்படுத்தாது, ஆனால் மனசுக்கும் தசைக்கும் இதமாக இருக்கும். முதுகெலும்பை முறுக்கிச் சொடக்கெடுக்க மட்டும் விடாதீர்கள்.

வெயிலில் துவள்வதற்கும் பெயர் உண்டு. 1890-ல் ஜெர்மனியின் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்டாஃப் கவனித்து எழுதினார், அவர் பெயராலேயே இன்றும் அழைக்கிறோம். உறை உரிந்த நரம்பில் உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே செய்தி பாதி வழியில் நின்றுவிடும். சூடு இறங்கியதும் திரும்பிவிடும். சித்திரை வெயிலில் வதங்கி மாலையில் நிமிர்கிற தக்காளிச் செடியைப் பார்த்திருப்பீர்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. இதனால் புதிய சேதம் எதுவும் ஆவதில்லை, எனவே பயப்பட வேண்டாம். ஆனால் மல்லுக்கு நிற்காதீர்கள். காட்டு வேலையை விடியலில் ஆரம்பித்து ஒன்பது மணிக்குள் முடியுங்கள். தலையிலும் கழுத்திலும் ஈரத்துண்டு. நடுவில் நிழலில் உட்காருங்கள். பழம் பறிப்பது, கொடி கட்டுவதைக் காட்டிலும் தரம் பிரித்துக் கூடையில் அடுக்குவது உட்கார்ந்து செய்கிற வேலை, அதை உங்கள் பங்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

இருட்டில் தடுமாறுவது கால் எங்கே இருக்கிறது என்ற தகவல் மேலே வராததால். பகலில் கண் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. குளிக்கும்போது முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் ஒரு பக்கம் சாய்கிறதா? கட்டாயம் சாயும். முக்காலி போட்டு உட்கார்ந்து குளியுங்கள். ராத்திரி கொல்லைப்பக்கம் போகும் வழியில் ஒரு சின்ன பல்பு எரியட்டும். வீட்டில் செய்யும் பயிற்சியையும் இதற்கேற்ப மாற்ற வேண்டும்: சமையல்கட்டு மேடையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இன்னொரு காலின் முன் வைத்து நிற்பது, பிடியை ஒவ்வொரு விரலாகத் தளர்த்துவது, தேறின பிறகு ஒரு நொடி கண்ணை மூடுவது. பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும்.

கால் விறைப்பைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. வந்தால் பாக்லோஃபென் போன்ற மாத்திரை தருவார்கள், அதைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. விறைப்பு திடீரென்று கூடினால் முதலில் சிறுநீர்க் கிருமி, மலச்சிக்கல், கால் நகம் சதையில் குத்துவது, தோல் புண் இவற்றைத் தேடுங்கள். வலி தெரியாத உடம்பு விறைப்பின் வழியாகத்தான் முறையிடும். மலத்துக்கு, தினமும் ஒரே நேரம். காலையில் களியோ கூழோ சூடாகச் சாப்பிட்ட இருபது முப்பது நிமிடத்தில் குடல் தானாகவே அசையும், அந்த நேரத்தில் போய் உட்காருங்கள்.

திரும்ப வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். காய்ச்சலுக்குப் பின் வரும் இந்த அழற்சி பெரும்பாலானவர்களுக்கு ஆயுளில் ஒரே முறைதான். ஆனால் சிலருக்கு இது வேறொரு வியாதியின் முதல் அத்தியாயமாக இருக்கும். அதைப் பிரித்தறிய இரண்டு ரத்தப் பரிசோதனைகள் உண்டு: அக்வாபோரின்-4 எதிரணு, மாக் (MOG) எதிரணு. எதிரணு என்றால் நம் உடம்பையே தாக்கும் எதிர்ப்புப் புரதம். 2004-ல்தான் முதல் எதிரணுவையே கண்டுபிடித்தார்கள், அதற்கு முன் இந்த நோயாளிகளை எல்லாம் ஒரே கூடையில் போட்டு வைத்தியம் பார்த்தோம். உங்கள் டிஸ்சார்ஜ் தாளில் இந்தப் பெயர்கள் இருக்கின்றனவா, மூளைக்கும் எம்ஆர்ஐ எடுத்தார்களா என்று பாருங்கள். எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் புண் மூன்று கணுக்களோ அதற்கு மேலோ நீண்டிருப்பதாக எழுதியிருந்தால் இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. அக்வாபோரின் எதிரணு இருந்தால் திரும்ப வராமல் தடுக்க நீண்ட நாள் மருந்து கட்டாயம் வேண்டும், ஏனென்றால் அந்த வகையில் ஒவ்வொரு தாக்குதலும் மிச்சமிருப்பதையும் பறிக்கும்.

எப்போது ஓட வேண்டும் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். பழைய தொந்தரவு காய்ச்சலிலோ வெயிலிலோ சிறுநீர்க் கிருமியிலோ கூடி, அது தணிந்ததும் குறைந்தால், அது புதிய தாக்குதல் இல்லை. காய்ச்சல் எதுவும் இல்லாமல், இதுவரை இல்லாத பலவீனமோ மரப்போ வந்து 24 மணி நேரம் தாண்டி நின்றால் உடனே வாருங்கள். ஒரு கண்ணில் வலியோடு பார்வை மங்கினால் அதே நாளில் வாருங்கள். நாள் கணக்கில் நிற்காத விக்கலும் வாந்தியும்கூடப் புதிய தாக்குதலின் அடையாளமாக இருக்கலாம். இதை வயிற்றுக் கோளாறு என்று நினைத்து வயிற்று மருத்துவரிடம் அலைந்து நேரத்தை இழந்தவர்கள் உண்டு.

இங்கே நம் மாவட்டத்துக்காக ஒரு வார்த்தை. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்ததே அதற்காகத்தான். பல வருடம் அந்தப் போர் தண்ணீரைக் குடித்த பெரியவர்கள் சிலருக்கு முதுகெலும்பு தடித்துத் தண்டுவடத்தை நெருக்கும். கால் மெதுவாக, மாதக்கணக்கில் விறைத்துப் பலம் குறையும். உங்களுடையது மணிக்கணக்கில் வந்தது, அது வேறு, இது வேறு. ஆனால் உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது அப்படி மெதுவாக நடை கெட்டுவந்தால், ‘வயசாச்சு’ என்று விட்டுவிடாமல் முதுகெலும்பை ஸ்கேன் பார்க்கச் சொல்லுங்கள். முதுகெலும்புக் காசநோயும் பி12 சத்துக் குறைவும்கூட இப்படி வரும், இரண்டுக்கும் நல்ல வைத்தியம் இருக்கிறது.

முழுசாகச் சரியாகுமா? மழுப்பாமல் சொல்கிறேன். இந்த வியாதி வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் பெரிய குறை இல்லாமல் தேறுகிறார்கள், ஒரு பங்கினர் நடக்கிறார்கள் ஆனால் தொந்தரவுகள் தங்குகின்றன, ஒரு பங்கினருக்குப் பெரிய ஊனம் நிற்கிறது. தேறுவதில் பெரும்பகுதி முதல் ஆறு மாதத்தில் நடந்துவிடும், அதன்பின் இரண்டு வருடம் வரைகூட மெதுவாகத் தொடரும். நீங்கள் இரண்டாம் மாதமே எழுந்து நின்றது நல்ல அறிகுறி. நடை இன்னும் உறுதிப்படும் என்று நம்புகிறேன். எரிச்சலும் இறுக்கமும் முழுசாக மறையும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். தூங்கவும் வேலை செய்யவும் விடுகிற அளவுக்குக் கட்டுப்படுத்த முடியும் என்று சொல்ல முடியும். சிறுநீரைக் கட்டாயம் ஒழுங்குக்குக் கொண்டுவர முடியும்.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றையும் தொடுகிறேன். கணவர் ஒதுங்கியே இருக்கிறார் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். இது தொற்றுநோய் இல்லை, பிள்ளைகளுக்கும் போகாது. பல கணவர்கள் பயத்தில்தான் ஒதுங்குகிறார்கள், தொட்டால் முதுகுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று. ஒன்றும் ஆகாது. தாம்பத்தியத்துக்குத் தடை இல்லை. உணர்ச்சி குறைந்திருக்கலாம், நேரம் அதிகம் எடுக்கலாம், முன்கூட்டியே சிறுநீரைக் கழித்துவிட்டால் பதற்றம் இருக்காது. இன்னொரு குழந்தை வேண்டும் என்றாலும் வழி உண்டு, மாத்திரைகளை மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இதை அவரிடம் பேச உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் இந்தப் பக்கத்தை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள்.

உதவி எங்கே கிடைக்கும்? 2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அதில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருவதும் சேர்த்தி. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து, வரும்போது ‘நடக்க வருது, நிலைதான் தடுமாறுது’ என்று தெளிவாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் காலை மடக்கி நீட்டிவிட்டுப் போய்விடுவார்கள். தொந்தரவு நிலைத்துவிட்டால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நடை, இயக்கக் குறைபாடும் நாள்பட்ட நரம்பு நோயும் 21 வகைகளுக்குள் இருக்கின்றன. அட்டை வாங்குவதில் கேவலம் ஒன்றுமில்லை.

தங்கிப் பயிற்சி எடுக்க வேண்டியிருந்தால் வேலூர் சிஎம்சிக்குப் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் இருக்கிறது. டாக்டர் மேரி வர்கீஸ் பெயரில், 1966-ல் தொடங்கியது. 1954-ல் நடந்த கார் விபத்தில் அவருக்குத் தண்டுவடம் அடிபட்டு இரண்டு காலும் செயலிழந்தன. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து இந்தத் துறையைக் கட்டினார். எங்கள் படிப்புக்கே இங்கே அவர்தான் வழி போட்டவர்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. ஒரு நோட்டில் மூன்று நாளைக்கு, எத்தனை மணிக்கு எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள், எத்தனை மணிக்கு எவ்வளவு சிறுநீர் போனது, எப்போது கசிந்தது என்று எழுதுங்கள். அளக்க ஒரு பழைய பிளாஸ்டிக் ஜக்கில் 100, 200, 300 என்று கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நோட்டும், டிஸ்சார்ஜ் தாளும், எம்ஆர்ஐ படமும் கையில் இருந்தால் எந்த மருத்துவரும் பாதி நேரத்தில் விஷயத்தைப் பிடித்துவிடுவார்.

போகும்போது மாமியாரையும் அழைத்துப் போங்கள். மருத்துவர் மேஜை மேல் இரும்பில் கவை மாதிரி ஒரு கருவி இருக்கும், டியூனிங் ஃபோர்க். அதைத் தட்டிவிட்டு முதலில் மாமியாரின் கணுக்கால் எலும்பில் வைக்கச் சொல்லுங்கள். ‘விர்ர்ருனு ஏறுது’ என்று காலை இழுத்துக்கொள்வார். பிறகு அதையே மறுபடி தட்டி, அவர் கையிலேயே கொடுத்து, உங்கள் கணுக்காலில் வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, என்ன தெரிகிறது என்று அவரிடம் சொல்லுங்கள்.